முன்கூட்டியே சொன்ன நன்றி

கெசியா டீச்சருக்கு மழைநீர் வடிகால் என்பது கணவர் அசரியாவின் உயிர். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக, நாளுக்கு நான்கு முறை வீட்டிலேயே டயாலிசிஸ். சென்ற டிசம்பரில் மழைத்தண்ணீர் சாக்கடையோடு கலந்து முழங்கால் அளவுக்கு வீட்டுக்குள் வந்தது. அந்த நாற்றத்துக்கு நடுவே கட்டிலில் உட்கார்ந்து டயாலிசிஸ் பை மாற்றியதில் வயிற்றுக்குள் கிருமி போய், இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால் மாநகராட்சியின் நடப்பு ஆண்டு பட்ஜெட்டில் அவர்கள் தெருவுக்கு வடிகால் கட்ட நாற்பத்தோரு லட்சம் ஒதுக்கியிருக்கிறது என்று தெரிந்ததும் கெசியா அழுதேவிட்டாள். கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் அந்தத் தெருவில் பாதிப்பேர் ஒரே சபை. கேட்டது கிடைப்பதற்கு முன்பே விசுவாசத்தோடு ஸ்தோத்திரம் சொல்லிவிடுகிற பழக்கம் உள்ளவர்கள். ஆண்டவரிடம் செல்லுபடியாகிற பழக்கம் ஆபீசிலும் செல்லும் என்று நினைத்தார் நலச்சங்கச் செயலாளர் ஜெர்சன். பேங்கில் வேலை பார்த்து ரிட்டயரானவர்.

"முன்னாடியே நன்றி சொல்லிட்டா, செய்யாம இருக்க அவங்களுக்கும் ஒரு கூச்சம் வரும் சிஸ்டர்."

கூச்சமாம். அது யாருக்கு வரும், யாருக்கு வராது என்று அந்த மனிதருக்கு அறுபத்து மூன்று வயதிலும் தெரியவில்லை. கெசியாவுக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்ன? வடிகால் கட்டித் தந்ததற்கு நன்றி என்று மார்ச் முதல் வாரம் கடிதம் எழுதியவளே அவள்தான். வீடு வீடாக ஏறி இறங்கி அறுபத்திரண்டு கையெழுத்து வாங்கினாள். முதல் கையெழுத்து அவளுடையது.

ஏப்ரல் போனது, மே போனது. தெருவில் ஒரு கடப்பாரைகூட விழவில்லை. ஜூனில் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனாள்.

இன்ஜினியர் ஜெயவேலு மசால் வடையை மென்றுகொண்டே ஃபைலைப் புரட்டினார். "உங்க தெரு வேலை முடிஞ்சிடுச்சே மேடம். மார்ச் இருபத்தெட்டு. பில்லும் பாஸாயிடுச்சு."

"எங்க சார் முடிஞ்சுது? ஒரு செங்கல்கூட வரல."

அவர் ஃபைலை அவள் பக்கம் திருப்பினார். எங்கேயோ கட்டிய வடிகாலின் நான்கு போட்டோக்கள். அவற்றுக்கு அடியில், வேலை முடிந்ததற்கு மக்களே தந்த சாட்சியாக, அவளுடைய கடிதம். மார்ச் இருபத்தெட்டாம் தேதியில் நம்பர் போட்டு, சீல் வைத்து, பத்திரமாகக் கோத்திருந்தார்கள். முதல் கையெழுத்தின் மேல் எண்ணெய் விரல் பட்ட கறை வேறு.

"மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள செலவு காட்டலன்னா பணம் திரும்பிப் போயிடும் மேடம். எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்" என்றார் ஜெயவேலு. "இனிமே அஞ்சு வருஷத்துக்கு உங்க தெருவுக்கு வடிகால் கேக்க முடியாது. ரெக்கார்டுல இருக்கே."

"இது வேலைக்கு முன்னாடி குடுத்த லெட்டர். அப்படியே எழுதித் தரேன், வாங்கிக்கோங்க."

"தாராளமா எழுதுங்க." அவர் வடைக் காகிதத்தில் விரலைத் துடைத்தார். "பொய்யா லெட்டர் குடுத்தாங்கன்னு கேஸ் மொத கையெழுத்து மேலதான் வரும். நீங்க கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர் இல்ல? சஸ்பெண்ட் பண்ணிட்டுதான் விசாரிப்பாங்க."

தின்றவன் ஏப்பம் விட்டுக்கொண்டு, பட்டினி கிடப்பவளுக்குச் சட்டம் சொல்கிறான். அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு. துப்பவில்லை. காகிதம் வாங்கி நான்கு வரி எழுதினாள். கையெழுத்துப் போடும் இடம் வந்தது. அசரியாவின் டயாலிசிஸ் பைகள் மாதாமாதம் வருவது அவள் சம்பளத்தில். பேனா அங்கேயே நின்றது.

ஜெயவேலு அதைப் பார்த்துவிட்டு, ஆளைக் கூப்பிட்டு இரண்டு டீ சொன்னார். கெசியா காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். டீ வந்தது. குடித்தாள்.

வீட்டில் அசரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "எப்ப ஆரம்பிக்கிறாங்களாம்?"

"மழைக்கு முன்னாடி முடிச்சிடுவாங்களாம்."

ஜெயவேலு பேசியதைப் போலவே, கொஞ்சமும் தடங்கல் இல்லாமல் வந்தது.

"அப்ப மாடியில வேற வீடு பாக்க வேணாம் கெசி" என்றார் அசரியா, நிம்மதியாக.

அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைக் கொப்பளித்தாள். திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள்.