மிஷனுக்கு ஒரு குவளை

மிஷன் ஞாயிறு வந்தால் எங்கள் சபை மேடையில் இந்தக் கதையை யாராவது சொல்லிவிடுகிறார்கள். அதில் மூப்பர் பியாக்கா முதலிலிருந்து கடைசிவரை நல்லவராகவே வந்துபோகிறார். அவர் நல்லவர்தான், இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த மார்ச் மாதம் ஊற்றுக்குக் குறுக்கே கையை விரித்து நின்றவரும் அவர்தான். அதை விட்டுவிட்டுச் சொன்னால், பிள்ளைகளே, உங்களுக்குப் பாதிச் சோறு போட்டு எழுப்பிவிட்டது போலாகும். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வரிசையில் என் கேனும் இருந்தது.

எங்கள் மிசோ மலையில் ஊர்கள் எல்லாம் முகட்டில்தான். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக்கொள்வோம். மார்ச்சில் தொட்டி காய்ந்துவிடும், பயிர் வைக்கக் காட்டை எரித்த புகை கண்ணைக் கரிக்கும், அப்போது எல்லோருக்கும் எங்கள் சபைக் கோயிலுக்குக் கீழே இருக்கும் ஒரே ஊற்றுதான். பாறை இடுக்கிலிருந்து அது கசிகிற அழகுக்கு ஒரு கேன் நிறைவதற்குள் ஒரு பாட்டை மூன்று முறை பாடிவிடலாம். வீட்டுக்கு வீடு முறை உண்டு. அந்த வருஷம் ஊர்க் கவுன்சில் ஒரு கட்டளையும் போட்டிருந்தது. கீழே சாலை அகலப்படுத்த வந்திருந்த வெளியூர்க் கூலியாட்கள் ஊற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது. தன் முறையில் அவர்களை எடுக்கவிடும் வீட்டுக்கு மழை வரும்வரை முறையே கிடையாது. கவுன்சிலிலும் சபையிலும் முன்வரிசையில் இருந்தவர் மூப்பர் பியாக்கா.

அந்த மாதம்தான் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு மிஷன் பாடம், வெளியே போய் இயேசுவைச் சொல்லும் ஊழியத்தைப் பற்றி. சொல்லிக்கொடுத்தவள் துவாமி. பாடம் முடிந்ததும் ஒரு வேலை கொடுத்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள, இயேசுவைத் தெரியாத ஒருத்தருக்கு நீங்க அவரைப் பத்திச் சொல்லிட்டு வரணும். என்ன சொன்னீங்க, அவங்க என்ன சொன்னாங்கன்னு இங்க வந்து சொல்லணும்."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒருவரை எங்கே போய்ப் பிடிப்பது? பிறந்த குழந்தை முதல் கிழவன்வரை எல்லோரும் ஞாயிறு பள்ளி. குடித்துவிட்டுப் பன்றிக் கொட்டிலுக்குள் விழுகிறவன்கூட எங்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் பாடுவான். ஒரு பையன் போய்ப் பன்றி வியாபாரியிடம் வசனம் சொல்லியிருக்கிறான். அவர், "நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டியேடா, மொதல்ல இருந்து சொல்லு" என்று நிற்க வைத்து மனப்பாடம் பண்ணவைத்து அனுப்பினார்.

ரெமிக்கு ஒன்பது வயது. வாயும் நெஞ்சும் ஒன்றாக இருக்கிற பிள்ளை. "அக்கா, நான் ரோட்டு வேலைக்காரங்க கேம்ப்புக்குப் போறேன்" என்றாள். துவாமி யோசித்துவிட்டு, "அம்மாகிட்ட கேட்டுட்டுப் போ" என்றாள். அவளும் அம்மாவிடம் கேட்டாள். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்துக் கேட்டாள்.

கேம்ப் என்றால் தார்ப்பாய்க் கொட்டகைகள்தான். அங்கே எத்வாரி என்றொரு பெண், ரெமியைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள். ஜார்க்கண்டிலிருந்து அப்பா அம்மாவோடு வந்து இரண்டு வருஷமானதால் எங்கள் பேச்சை உடைத்து உடைத்துப் பேசுவாள். ரெமி வெயிலில் இறங்கிப்போய் மூச்சு வாங்க நின்றாள். எத்வாரி வந்தவளை ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கொஞ்சம் சிவப்பாக, புகை வாசனையோடு இருந்தது தண்ணீர். ரெமி தாகத்தில் மடமடவென்று குடித்துவிட்டாள். குடித்த பிறகுதான் பார்த்தாள், கொட்டகைக்குள் எத்வாரியின் தம்பி, கைப்பிள்ளை, துவண்டு கிடந்தான்.

"அவனுக்கு என்ன?"

"வயித்தால போகுது. ஓடைத் தண்ணி. மேல மண்ணு வெட்டுறாங்க, எல்லாம் ஓடையில வருது. அம்மா கொதிக்க வெக்கிது. வெறகு இருந்தாத்தான் கொதிக்க வெக்கும்."

"எனக்குக் குடுத்தது?"

"அது கொதிச்சது. தம்பிக்கு வெச்சிருந்தது. நீ குடி, பரவாயில்ல."

ரெமி மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை ஆரம்பித்தாள். "உனக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வந்திருக்கேன். கடவுள் உன் மேல அன்பா..."

எத்வாரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "நீ எங்க தண்ணி குடிச்ச. உங்க தண்ணி நாங்க குடிக்கக் கூடாதா?"

அதில் கோபம்கூட இல்லையாம். சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாளாம். ரெமி செம்பைக் கொடுத்துவிட்டு மேடேறி வந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். அன்றைக்கு மூப்பர் பியாக்கா வகுப்பைப் பார்வையிட வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரெமி முறை வந்தது.

"நான் போனேன். ஆனா சொல்லல."

"பயந்துட்டியா?" என்றாள் துவாமி.

"இல்லக்கா. வெக்கமா இருந்துச்சு. அவங்க புள்ளைக்கு வெச்சிருந்த தண்ணிய எனக்குக் குடுத்தாங்க. நம்ம ஊத்துல அவங்கள விட மாட்டோம். இதுல நான் என்னன்னு சொல்றது?"

பின்பெஞ்சிலிருந்து மூப்பர் தொண்டையைச் செருமினார். "பாப்பா, மிஷன் வேற, தண்ணி வேற. ஊருக்கே பத்தல. அங்க நாப்பது ஆள் இருக்கான். எல்லாரும் ஏறி வந்தா ஊத்து என்ன ஆகும்? பெரியவங்க யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க."

"அப்ப மழை வந்த பொறவு போய்ச் சொல்லிக்கலாமா, தாத்தா? அதுவரைக்கும் கடவுள் அவங்க மேல அன்பா இருக்க மாட்டாரா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மூப்பர் முகம் சிவந்தது. "துவாமி, நீ இதத்தான் சொல்லிக் குடுக்குறியா?" என்று கேட்டார்.

துவாமி சாதுவான பெண். அன்று நிமிர்ந்து பார்த்து, "நான் போய்ச் சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்தேன், மூப்பரே. போனவ வந்து சொல்றா" என்றாள்.

அன்று மாலை ரெமியின் அம்மா அடுப்பேற்ற உட்கார்ந்தாள். எங்கள் வீடுகளில் உலை வைக்கும் முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி மூலையில் இருக்கும் டின்னில் போடுவோம். அது மிஷனுக்கு. சபையிலிருந்து வந்து வாங்கிப்போவார்கள். தொலைதூரத்தில் ஊழியம் செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பிடிகள்தான் சோறு. மூப்பரின் மகன் சங்காவும் அப்படித்தான் எங்கோ சமவெளியில், நம்மை ஒருவரும் அறியாத ஒரு கிராமத்தில் இருந்தான். வீட்டில் அரிசி குறையலாம், அந்தப் பிடி குறையாது. மிஷன் பிடி கேட்டு வந்தவரிடம் கையை விரித்த வீடு எங்கள் ஊரில் கிடையாது.

அம்மாவின் கை டின்னுக்குப் போவதை ரெமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அந்த டின்ன எனக்குத் தா. அரிசிய வேற எதுலயாவது கொட்டிக்க."

"எதுக்குடி?"

"மிஷனுக்கு."

மறுநாள் விடியும்போது ஊற்றில் வரிசை நின்றது. நெற்றிப் பட்டையில் கூடையை மாட்டி, கூடைக்குள் கேன்களை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றோம். ரெமி வீட்டு முறை வந்தது. கேன் நிறைந்ததும் அவள் அதிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் எடுத்து, பக்கத்தில் வைத்திருந்த அரிசி டின்னில் ஊற்றினாள்.

"என்னடி பண்ற?" என்றேன் நான்.

"மிஷனுக்கு ஒரு பிடி, பெரியம்மா. அரிசியில எடுக்குற மாதிரி." குவளையை என் பக்கம் நீட்டினாள். "நீங்களும் எடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கூலியாட்கள் ஊற்றில் எடுக்கக் கூடாது என்றுதான் கட்டளை. ஒருவரும் எடுக்க வரவில்லையே! நம் முறையில் நாம் எடுத்த தண்ணீர். அதில் ஒரு பிடியை மிஷனுக்குப் போட வேண்டாம் என்று சொல்ல எந்தக் கவுன்சிலுக்கு வாய் இருக்கிறது? என் முறை வந்ததும் நானும் என் கேனிலிருந்து ஊற்றினேன். பின்னால் நின்றவள், "கேன் தளும்பவே இல்ல, அதுக்குள்ள தர்மமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவளும் ஊற்றினாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ரெமியோடு நின்றுகொண்டார்கள். டின் பாதி நிறைந்தது.

யார் போய்ச் சொன்னார்களோ, மூப்பர் பியாக்கா வேட்டைநாய் போல விறுவிறுவென்று படியிறங்கி வந்தார். ஊற்றுக்கும் வரிசைக்கும் நடுவே வந்து கையை விரித்து நின்றார்.

"நிறுத்துங்க! ரெமி, அந்தத் தண்ணி எங்க போகுது?"

"மிஷனுக்கு, தாத்தா."

"கேம்ப்புக்குத்தானே?"

"ஆமா. இயேசுவைத் தெரியாதவங்க நமக்குக் கிட்டத்துல அங்கதான் இருக்காங்க."

"மிஷன் காணிக்கை எல்லாம் கமிட்டி வழியாத்தான் போகணும். ஆளாளுக்கு எடுத்துக் குடுக்குறதுக்குப் பேரு மிஷன் இல்ல."

"சரி தாத்தா, கமிட்டியக் கூட்டுங்க. ஆனா அந்தப் பாப்பாவுக்குக் கமிட்டி கூடுற வரைக்கும் தாகம் எடுக்கக் கூடாதுன்னு நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூப்பருக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்த வீட்டுக்கு முறை கிடையாது. இன்னையில இருந்து. மழை வர்ற வரைக்கும்!"

முறை போனால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். ரெமியின் அம்மா வெளிறிப்போய் மகளின் தோளைப் பிடித்தாள். "வாடி, டின்னக் கவுத்துட்டு வா."

ரெமி டின்னைக் கட்டிக்கொண்டாள். "கவுக்க மாட்டேன். இது நம்ம தண்ணி இல்லம்மா, போட்டாச்சு. போட்ட பிடிய நீ என்னைக்காவது டின்னுல இருந்து திரும்ப எடுத்திருக்கியா?"

அப்போது வரிசையில் அடுத்ததாக நின்றவள் முன்னே வந்தாள். சங்காவின் அம்மா. மூப்பரின் மனைவி. வீட்டிலும் வெளியிலும் அதிகம் பேசாதவள். கணவனின் விரித்த கைக்குக் கீழே குனிந்து போய் ஊற்றில் தன் கேனை வைத்தாள். அது நிறையும்வரை அவர் கையை இறக்காமலே நின்றார்.

"நம்ம பையன் போன தடவ வந்தப்ப என்ன சொன்னான்?" என்று கேட்டாள், கேனைப் பார்த்தபடியே. "அந்த ஊர்ல மொத நாள் யாருன்னே தெரியாத ஒரு கெழவி வீட்டுக்குள்ள கூப்பிட்டுத் தண்ணி குடுத்தான்னு சொன்னான். நீங்க அதக் கோயில்ல எந்திரிச்சுச் சாட்சி சொன்னீங்க. அழுதீங்க."

அவள் நிறைந்த கேனை இழுத்து டின் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த ஊர்லயும் ஒரு கவுன்சில் இருந்திருந்தா எம்புள்ள நாக்கு வறண்டு செத்திருப்பான்." சொல்லிவிட்டு ரெமியிடமிருந்து குவளையை வாங்கினாள். ஒன்று ஊற்றினாள். இன்னொன்று ஊற்றினாள். பிறகு குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேனையே தூக்கிக் கவிழ்த்தாள். டின் தளும்பி வழிந்தது.

"எங்க வீட்டு முறையையும் எடுத்துடுங்க. ரெமி வீட்டோட சேத்து. இன்னைக்கு ராத்திரி நீங்க எதுல கால் கழுவுறீங்கன்னு பாக்குறேன்."

அவள் வெறும் கேனைக் கூடையில் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். மூப்பரின் கைகள் தாமாகவே கீழே இறங்கின. அவரும் அவள் பின்னால் ஏறிப் போனார். எங்களுக்குச் சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

டின்னை ஒரு கம்பில் கோத்துப் பிள்ளைகள் முறை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். துவாமியும் கூடப் போனாள். வழியில் எவ்வளவு சிந்தினார்களோ, போய்ச் சேர்ந்ததும் நிறையத்தான் இருந்தது. மறுநாளும் ஊற்றடியில் டின் இருந்தது, அதற்கு மறுநாளும். கவுன்சில் கட்டளையைத் திரும்பப் பெறவில்லை. யாருடைய முறையையும் பறிக்கவும் இல்லை. இன்றைக்கு மேடையில் சொல்கிறவர்கள், மூப்பர் மனம் திரும்பி எல்லோருக்கும் ஊற்றைத் திறந்துவிட்டார் என்கிறார்கள். யாரும் எதையும் திறந்துவிடவில்லை, பிள்ளைகளே. மழை வரும்வரை குவளை குவளையாகத்தான் போயிற்று.

எத்வாரியின் தம்பி எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஒருநாள் தண்ணீரை இறக்கி வைத்ததும் எத்வாரி ரெமியின் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மொத நாள் ஏதோ சொல்ல வந்த. பாதியில ஓடிட்ட. என்ன அது?"

ரெமிக்கு மனப்பாடம் பண்ணியது ஒன்றும் நினைவில் இல்லை. கல்லில் உட்கார்ந்து, தெரிந்ததைத் தெரிந்த மாதிரி சொல்லியிருக்கிறாள். எத்வாரியின் அம்மாவும் சுள்ளி ஒடிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்களுக்குள் நடந்தது.

அந்த ஞாயிறு மூப்பர் பியாக்கா மறுபடி பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ரெமி எழுந்து, "சொல்லிட்டேன்" என்றாள்.

"அவங்க என்ன சொன்னாங்க?" மூப்பரின் குரலில் பழைய மிடுக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. "நம்ம சபைக்கு வர்றாங்களாமா?"

"அது எனக்குத் தெரியாது தாத்தா. அவ கேட்டா, நான் சொன்னேன். மிச்சம் அவ பாடு, ஆண்டவர் பாடு."

உட்காரப் போனவள் திரும்பி நின்றாள்.

"நாளைக்கு ஊத்துல உங்க வீட்டு முறை. பாட்டிக்கு முட்டி வலியாம், நீங்கதான் வரணுமாம். குவளைய மறந்துடாதீங்க."