ஆறு வரியில் ஒரு கஷ்டம்

1

இது முதலில் கதையே அல்ல, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாம் பெட்டி. 'உங்கள் இடர்ப்பாட்டைச் சொந்த வார்த்தைகளில் விளக்குக' என்று கேட்டு, ஆறு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். பிலிமத்தலாவையில் எங்கள் மதிலுக்கு அப்பால் இருக்கும் பிரியாந்தினி அதைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீங்கள் கதை எழுதுற ஆள்தானே, அக்கா. வாசிக்கிற ஆள் அழுகிற மாதிரி எழுதித் தாங்கோ."

[என் எழுத்தின் மீது இவ்வளவு நம்பிக்கை வைத்தவர் வேறு எவரும் இல்லை.]

அவள் கணவன் றமணன் சுற்றுலாப் பயணிகளுக்கு வான் ஓட்டுகிறவன். வீட்டுக் கடனை அந்த வான்தான் கட்டிவந்தது. பயணிகள் குறைந்தார்கள். எட்டு மாதத் தவணை நின்றது. வங்கியிலிருந்து ஏல அறிவித்தல் வந்தது. இந்த விண்ணப்பத்துக்கு அரசாங்கத்தின் சலுகை கிடைத்தால் ஏலம் நிற்கும். ஒரு வருட வட்டியையும் அரசாங்கமே ஏற்கும். கிடைக்காவிட்டால் வீடு போகும்.

2

முதல் வரைவு: 'பிள்ளைகளுக்கு இரவில் வெறும் பாண்—'

வெட்டினாள். "பாண் எண்டு எழுதினால் ஆட்கள் என்ன நினைப்பினம்?"

இரண்டாம் வரைவு: 'தாலிக்கொடியும் அடகில்—'

இதையும் வெட்டினாள். உண்மை என்பதால்தான் வெட்டினாள் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதில் நான் பிடிவாதமாக எழுதினேன்: 'வீட்டில் உட்காரக் கதிரைகூட இல்லை.' இதுவும் உண்மைதான். சோபாவையும் கதிரைகளையும் விற்று ஏழு மாதம். அவற்றை உறைத்துணி மாற்றக் கொடுத்திருப்பதாகத்தான் அவள் உறவினருக்குச் சொல்லிவந்தாள். ஆனால் அன்று விண்ணப்பம் வாங்கும் கந்தோர் மூட அரை மணித்தியாலமே இருந்தது. "ஆர் இதை வாசிக்கப்போகினம்" என்று மடித்துக்கொண்டு ஓடினாள்.

3

இனி இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

உத்தியோகத்தர் நேரில் வந்து பார்ப்பார் என்று செய்தி வந்தது. புத்தியுள்ள எவரும் வீட்டைக் கிடந்தபடி விட்டிருப்பார்கள். பிரியாந்தினி திரைச்சீலைகளைத் தோய்த்தாள். கேக் அடித்தாள். நான்கு கதிரைகளுக்கும் தங்க விளிம்புக் கோப்பைகளுக்கும் றமணனை என்னிடம் அனுப்பினாள். யோசித்துப் பார் என்று மதிலருகே நின்று சொன்னேன்.

"வீட்டுக்கு வாற ஆளை நிலத்திலை இருத்தேலுமே, அக்கா?"

வறுமையை எழுதிக் கொடுத்தவள் நான். செழிப்பை மதிலுக்கு மேலால் தூக்கிக் கொடுத்தவளும் நான்.

(அடிக்குறிப்பு: எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் கதிரைகள் இரவல் போகும். மாறிவிடாதிருக்க, அடியில் சொந்தக்காரர் பெயரைப் பெயின்றால் எழுதிவைப்போம். என்னுடையவற்றிலும் உண்டு.)

4

உத்தியோகத்தர் சகீனா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். கேக்கைச் சாப்பிட்டு, கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார். விண்ணப்பம் இருந்த கோப்பைத் திறந்து ஆறு வரிகளையும் வாசித்தார். பிறகு தாம் இருந்த கதிரையின் கைப்பிடியை மெல்லத் தடவினார்.

"கடிதாசில ஒரு ஊடு இரிக்கி. இங்க வேற ஊடு இரிக்கி. எந்த ஊட்டுக்கு நான் ஒப்பம் வைக்கிற?"

கண்டி வீதியில் ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்துப் போனது. பிரியாந்தினி சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடினாள். 'இரவல்' என்ற ஒரு சொல் போதும், வீடு மிஞ்சும். அந்தச் சொல் தொண்டைவரை வருவதும், ஏழு மாதமாக அங்கே இருக்கும் சோபாக் கதை அதைத் திரும்ப அனுப்புவதும் அவளுக்கே தெரிந்தது. தேநீர்த் தட்டத்தோடு நின்றபடி என்னைப் பார்த்தாள். சொல் என்ற பார்வையா, சொல்லிவிடாதே என்ற பார்வையா?

5

முடிவு ஒன்று: அவளே சொல்கிறாள். [எழுதிப் பார்த்தேன். பேனையைப் பிடுங்கி வெட்டிவிடுவாள்.]

முடிவு இரண்டு: நான் சொல்கிறேன். வீடு மிஞ்சும். மதிலுக்கு மேலால் கறிக் கிண்ணம் வருவது அன்றோடு நிற்கும்.

முடிவு மூன்று: சகீனா தாமாகவே எல்லாம் விளங்கிக்கொண்டு— இல்லை. இது கதை அல்ல, என் ஆசை.

நான்கு கதிரை என்றேனே. ஒன்றில் சகீனா, ஒன்றில் றமணன், ஒன்றில் நான். பிரியாந்தினி நிற்கிறாள். நான்காவதில் இவ்வளவு நேரமும் இருப்பது யார் என்று நினைத்தீர்கள்?

சகீனா பேனையைத் திறந்துவிட்டார். நீங்கள் வாயைத் திறக்கவேண்டியதில்லை. எழும்பும்போது, தற்செயலாகப்போல, கதிரையை அடிப்பக்கம் தெரியச் சரித்துவிட்டால் போதும். மனமில்லையா, அப்படியே சாய்ந்திருங்கள். கேக் நன்றாகத்தான் இருக்கிறது.