நூற்றுப்பதினாலும் நாலும்

மனிதகுலத்தின் மேலான கவனத்துக்கு: மரணம் ஒத்திவைக்கப்படுகிறது. வியாழக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, லுசேர்ண் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் பெரிய மண்டபத்தில். தொடர்ந்து மதிய உணவு வழங்கப்படும்.

ஒத்திவைப்பவர் நீடாயுள் ஆய்வாளர் டொக்டர் ஓடர்மத். காரகோரம் மலைகளுக்குள் ஒளிந்துகிடக்கும் பள்ளத்தாக்கொன்றிலிருந்து நூற்றுப்பதினாலு வயதுப் பெரியவர் ஒருவரை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். பெரியவரின் முன்னோர் பௌத்தர்கள். ஊர்ப் பாறையில் இன்றும் புத்தர் இருக்கிறார். ஆகவே ஆயுள் நீள்கிறது. அந்த 'ஆகவே'யைக் கேட்கத்தான் மண்டபம் நிறைந்திருந்தது.

பெரியவர் பேசும் உருதுவுக்கு ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர் மட்டும் வரவில்லை. காய்ச்சலாம்.

சட்டி கழுவும் இரவீந்திரனுக்கு உருது தெரியும் என்று யாரோ சொல்ல, டொக்டர் சமையலறைக்கே இறங்கி வந்தார். சவுதியில் மூன்று வருஷம் நின்றபோது பொறுக்கிய உருது அது.

"நீங்கள் இலங்கை. அப்படியானால் பௌத்தர். இந்த ஞானம் உங்களுக்குப் புரியும்."

பூசணி வெட்டிக்கொண்டிருந்த யோகராஜா தலை நிமிராமல் தமிழில் சொன்னான்: "ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. அகதி வழக்கைத் திருப்பித் திறந்துபோடுவாங்கள்."

இரவீந்திரன் சிரிக்கவில்லை. அவர் பிறந்தது 1960. ஏஜென்சிக்காரன் தந்த கடவுச்சீட்டிலோ 1964 ஜனவரி ஒன்று. வந்திறங்கிய பயத்தில் அதையே சொன்னார்; அது அவுஸ்வைஸ் என்ற சுவிஸ் அடையாள அட்டையில் ஏறிக் குந்திவிட்டது. முழங்கால் இரண்டுக்கும் அறுபத்தைந்தாகிவிட்டது. பென்சன் கந்தோர் இன்னும் நாலு வருஷம் சட்டி கழுவு என்கிறது. பிறப்புப் பதிவு இருந்த அரசாங்கக் கச்சேரி எரிந்தே முப்பது வருஷத்துக்கு மேல்.

"மொழிபெயர்க்கிறேன்," என்றார் டொக்டரிடம். "என் உண்மையான வயதுக்கு நீங்கள் ஒரு கடிதம் தர வேண்டும்."

"தாராளமாக! வயதுதானே என் தொழில்."

"பெரியவரின் வயதுக்கு என்ன பத்திரம் இருக்கிறது?"

டொக்டரின் முகம் சுண்டியது. "இரண்டாயிரம் வருஷ மரபு இருக்கிறது."

"கேட்டியளோ அண்ணை," என்றான் யோகராஜா. "அந்தாள் சொன்னா நூறுக்கு மேல நம்புறாங்கள். உங்கட நாலுக்கு மட்டும் சீல் வேணுமாம்."

பக்கத்து அறையில் பெரியவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். காற்றும் வெயிலும் உழுத முகம். கை மட்டும் பாறை. இரவீந்திரனுக்கு மனம் இருப்புக் கொள்ளவில்லை. வயதை எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்டே விட்டார்.

"கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று," என்றார் பெரியவர். "பனிக்காலத்தைத் தாண்டுவதென்ன சும்மாவா? அதைத் தனியாகத்தான் எண்ணுவோம்."

இரவீந்திரன் மனதுக்குள் பாதியாக்கினார். ஐம்பத்தேழு. தன்னைவிட எட்டு வயது இளையவனைத்தான் காலையிலிருந்து ஆளுக்கொரு பக்கம் கைபிடித்து நடத்துகிறார்கள்.

வாயைத் திறந்தால் கடிதம் போய்விடும். திறக்காமலே மேடையேறினார்.

"பாறைப் புத்தர் உங்களுக்குத் தந்தது என்ன?" என்றார் டொக்டர்.

"நிழல். ஆடு கட்டுவோம்."

"அந்த நிழலில் எல்லா உயிர்களும் அமைதி பெறுகின்றன," என்றார் இரவீந்திரன். கைதட்டல்.

அப்போது முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்தாள். "அப்ரிகொட் பூத்ததை எத்தனை தடவை கண்டிருக்கிறார்?"

பெரியவர் யோசிக்கவேயில்லை. "ஐம்பத்தேழு."

மண்டபமே அவரது வாயைப் பார்த்தது. நாலு வருஷச் சட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்முன் எழுந்து நின்றன.

"பூக்களை எண்ணுகிற வழக்கம் அவர்களுக்கு இல்லையாம், அம்மையாரே."

கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மண்டபம் எழுந்து நின்று தட்டியது.

டொக்டர் சொன்ன சொல் காத்தார். பின்னேரமே இரவீந்திரனின் விரல்களில் வயர் கொளுவி, குழாயில் ஊதவைத்து, விருந்தாளிகளுக்கென்றே வைத்திருந்த கருவியால் வயதை அளந்தார். கடிதத்தில் இரண்டு கையெழுத்து, ஒரு சீல்.

இரவீந்திரன் உறையை அப்படியே சமையலறைக்குக் கொண்டுபோனார். யோகராஜாதான் உறையைக் கிழித்து வாசித்தான். பாதியில் நிறுத்திவிட்டான்.

"வாசியடா."

"உடல் வயது நாற்பத்தொன்பதாம் அண்ணை. கீழ வாழ்த்துக்கள் எண்டும் எழுதியிருக்கு."

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவருக்கு வேலை.