மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டியது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. சொன்னவள் என் அண்ணி. பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தவன் நான்.

அண்ணிக்கு முடக்குவாதம். வயதான உடம்பு என்று நினைத்துவிடாதீர்கள்; நாற்பத்திரண்டுதான். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பதினாறு வருடமாக அண்டா தேய்க்கிறாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

விடியும்போது அவள் விரல்கள், நெடுநாள் திறக்காத ஒரு வீட்டின் கதவுகளைப்போல—

(வேண்டாம். கதவு, வீடு என்று போனால் வலிக்கு மெருகேறிவிடுகிறது. அந்த மெருகு அவளுக்கு எதற்கு?)

இப்படி எழுதுகிறேன். காலையில் அண்ணியால் பல் விளக்க முடியாது. பிரஷ்ஷின் பிடியில் என் அண்ணன் துணி சுற்றிக் கட்டிக் கொடுத்திருக்கிறான். ஜாக்கெட் கொக்கியை அவன்தான் மாட்டிவிடுகிறான். மூட்டை தூக்கிக் காய்த்த கை அவனுடையது. சின்னக் கொக்கி அதில் அகப்படாது. இரண்டு பேரும் முனகிக்கொண்டே கால் மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். "கல்யாணத்தன்னிக்குக்கூட இவரு இவ்வளவு நேரம் என் பக்கத்துல நிக்கலை" என்று அண்ணி சொல்வாள். சிரிக்கிற மாதிரி சொல்வாள்.

கேன்டீனில் அண்டா தேய்க்க, கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் உண்டு. அதில் கையை விட்டு ஒரு மணி நேரம் போனால் விரல் மடங்கும். பதினோரு மணிக்கு, வேலையை முடித்துவிட்டு டாக்டர் முன்னால் உட்காரும்போது, அது எல்லார் கையையும் போலத்தான் இருக்கும்.

3

அன்று ஆஸ்பத்திரியில் நடந்தது இவ்வளவுதான். டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வீட்டு வேலை, வெளி வேலை எல்லாம் செய்ய முடியுதா?"

"முடியுது, டாக்டர்."

"காலைல விறைப்பு இருக்கா?"

"கொஞ்ச நேரம். அப்புறம் சரியாயிடும்."

ரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை, இதே மாத்திரையைத் தொடரட்டும், மூன்று மாதம் கழித்து வரலாம் என்றார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

(அந்த டாக்டரைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெளியே இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். அவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்தவர், குடிக்காமலே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.)

ஏன் மருந்தை மாற்றவில்லை என்று வராந்தாவில் நர்ஸிடம் விசாரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முடியவில்லை என்று சொன்னால்தானே மருந்தை மாற்றுவார்கள், நன்றாக இருக்கிறேன் என்கிறவருக்கு எதற்கு மாற்ற வேண்டும், உள்ளே மூட்டு தேய்ந்துவிட்டால் பிறகு திரும்ப வராது என்றார். எட்டு மாதமாக வைத்தியம் நடக்கிறது. இந்த ஒரு விஷயத்தை அதுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

4

அண்ணி ஏன் அப்படிச் சொன்னாள் என்று இங்கே எழுத வேண்டும். எங்களைப் போன்ற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். கையில் பேனா வைத்திருக்கும் ஒருவர் 'முடியுதா?' என்று கேட்டால், அது வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா என்கிற கேள்வி. மேஸ்திரியும் சூப்பர்வைசரும் அப்படித்தான் கேட்டார்கள். முதுகு ஒடிந்தாலும் 'முடியுது' என்றுதான் பதில் சொல்லிப் பழக்கம். டாக்டர் மருந்தின் அளவுக்காகக் கேட்டார். அண்ணி தன் வேலைக்காகப் பதில் சொன்னாள்.

5

முடிவுகள்.

அ) டாக்டர் நிமிர்ந்து, வீங்கிய விரலைப் பார்த்துவிடுகிறார். (கதைக்கு நல்லது. நடக்கவில்லை.)

ஆ) கொழுந்தன் குறுக்கிட்டு உண்மையைச் சொல்கிறான். (சொல்லியிருக்கலாம். பேருந்து வரைக்கும் அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.)

இ) அண்ணி ஒரு நாள் கேன்டீனில் அண்டாவைத் தவறவிட்டு—

இதை முடிக்கப் பிடிக்கவில்லை. இதுவரை எழுதியதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். நர்ஸ் சொன்னதையும் சேர்த்துத்தான்.

கேட்டு முடித்து, "புது மருந்து உடம்புக்குக் கேக்குறதுக்கு எவ்வளவு நாளாகும்?" என்றாள்.

மூன்று மாதம்போல ஆகலாம் என்றேன்.

"அந்த மூணு மாசம் முடியாதவள்னு பேரெடுத்துக்கிட்டு நான் எங்க தம்பி போய் நிக்கிறது?"

"டாக்டர் எழுதறது கேன்டீனுக்குப் போகாது அண்ணி."

"போகாதுன்னு யாரு சொன்னா? நீ கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை.

"எழுதறதுக்கு முன்னாடி அதைக் கேட்டிருக்கலாம்ல" என்றாள். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

6

டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடியப்போகிறது; வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அண்ணனுக்கு லீவு கிடைக்காது.

டாக்டர் அதே கேள்வியைக் கேட்பார். அண்ணி மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறப்பாள். அதற்கு அடுத்த வாக்கியம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அது என் மனம் ஆறுவதற்காக நான் செய்தது. அவள் வாயிலிருந்து வந்ததல்ல. அதனால் எழுதவில்லை.

துணைக்கு வருகிறவர்களுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருப்பார்கள். அது அன்று காலியாகத்தான் இருக்கும். இதைப் படிக்கிற நீங்கள் அதில் உட்காருங்கள். இவங்களுக்கு நீங்க என்ன வேணும் என்று டாக்டர் முதலில் உங்களைத்தான் கேட்பார்.