தூய ஒலி மன்றத்தின் மாதாந்திரச் சிபாரிசு

ராஜபாளையத்தில் பாண்டிதுரை வீட்டு மாடியறைக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும், கைப்பேசியை அணைக்க வேண்டும், இருமல் இருந்தால் படியிலேயே இருமி முடித்துவிட வேண்டும். பேண்டேஜ் துணி நெய்யும் இருபத்து நாலு தறிக்குச் சொந்தக்காரர் என்பதால், எதிரொலியை அடக்கும் பலகை வாங்க அவர் சென்னைக்குப் போகவில்லை. சொந்தத் தறித் துணிக்குள் பஞ்சை அடைத்து நான்கு சுவரையும் கூரையையும் மூடிவிட்டார். ஏதோ பெரிய விபத்திலிருந்து உயிர் பிழைத்து வந்த அறை மாதிரி இருக்கும் அது.

மாதத்தின் கடைசி ஞாயிறு, மாலை நாலு மணிக்கு, அங்கே தூய ஒலி மன்றம் கூடும். வீட்டிலிருந்தே பார்த்து மகிழ, ஒலி நேர்த்தியாக இருக்கும் கச்சேரி வீடியோக்களைத் தேர்ந்தெடுத்து வாட்ஸப் குழுவுக்குச் சிபாரிசு செய்வது மன்றத்தின் பணி. குழுவில் இருநூற்றுப் பத்துப் பேர். தேர்வு செய்கிறவர்கள் மூன்று பேர். பாண்டிதுரை தலைவர். அந்த அறைக்கு ஸ்பீக்கர் மாட்டிக்கொடுத்த கடைக்காரர் சாம்சன் செயலாளர். பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை, துணைத் தலைவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற அம்மாள், மன்றத்தில் டெசிபல் பேசுவார்.

சென்னை டிசம்பர் கச்சேரி ஒன்றுக்குச் சாம்சன் எழுதிய சிபாரிசு இது: ‘மிருதங்கத்தின் தொப்பி முழக்கம் நெஞ்சுக்கூட்டில் இறங்குகிறது. தம்புரா சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் முன்வரிசை மாமி கைப்பையின் ஜிப்பைத் திறப்பது வலது பின் ஸ்பீக்கரில் துல்லியம். தவறவிடாதீர்கள்.’

பாடியது என்ன ராகம் என்று குழுவில் ஒருவர் கேட்டார். அது மன்றத்தின் வரம்புக்குள் வராது என்று பதில் போனது.

எந்தக் கச்சேரியையும் மன்றம் ஆறு நிமிடத்துக்கு மேல் கேட்டதில்லை. ஜப்பான்காரர்களின் முரசுக் கச்சேரியை நாலே நிமிடத்தில் தேர்ச்சி பெற வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததே, அதற்கு மேல் என்ன வேண்டும்.

இத்தனைக்கும் பாண்டிதுரை ஒரு காலத்தில் பாடினவர். ஸ்ரீவில்லிபுத்தூர் மெல்லிசைக் குழு ஒன்றில் மூன்று வருடம். பளபளக்கும் சட்டை, காதை மூடின முடி, வேனில் டிரம்ஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து பயணம். சேத்தூர்க் கோயில் கொடையில் பாடியிருக்கிறார். தேவதானத்தில் மழைக்குள் பாடியிருக்கிறார். செட்டியார்பட்டியில் மின்சாரம் போய், மைக் இல்லாமலே ஒரு பாட்டை முடித்திருக்கிறார். அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் டெசிபல் எத்தனை என்று சொன்னதில்லை.

எல்லாவற்றுக்கும் உச்சம் தொண்ணூற்று மூன்றில், ஸ்ரீவில்லிபுத்தூரில், அவருடைய அத்தை மகன் கல்யாண வரவேற்பு.

“எழுநூறு பேரு. மூணு பாட்டு. ஒரு ஆளு எந்திரிச்சுப் போகல” என்பார்.

கல்யாண வீட்டுக் கச்சேரி கேட்டவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். பந்திக் கதவைத் திறந்த நிமிடம் மண்டபம் காலியாகிவிடும். எவ்வளவு பெரிய பாடகராக இருந்தாலும் பல்லவியை முகங்களுக்கும் சரணத்தை முதுகுகளுக்கும் பாட வேண்டியதுதான். அந்தக் கூட்டத்தை மூன்று பாட்டுக்கு நாற்காலியில் உட்காரவைத்தவர் என்றால் சும்மாவா?

அடுத்த மாதமே அவருடைய அப்பா சங்கிலிப்பாண்டி அவரைத் தறிக் கொட்டகையில் உட்காரவைத்துவிட்டார். பாட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சொல் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. அவர் போய்ப் பதினெட்டு வருடமாகிறது.

“அன்னைக்கு அந்த மனுசன் ஒரு வரி காது கொடுத்துக் கேட்டிருந்தா என்னைய விட்டிருப்பாரு” என்று பாண்டிதுரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அவருக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் உண்டு. நிஜமாகவே பாடினோமா, அல்லது முப்பத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லியே பாடகர் ஆகிவிட்டோமா?

இந்த நிலையில்தான், அந்தக் கல்யாணத்தை வீடியோ எடுத்த தவசிமுத்து பழைய கேசட்டுகளை எல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. பாண்டிதுரை மூன்று நாள் யோசித்துவிட்டுப் போன் செய்தார். கேசட் இருந்தது. ஒலி தேறினால் அதையும் இந்த மாதச் சிபாரிசில் சேர்த்துவிடலாம் என்று சாம்சனிடம், ஏதோ வேறு யாருக்காகவோ கேட்கிற மாதிரி, கேட்டுவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தவசிமுத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். பாண்டிதுரையின் மனைவி கனகலட்சுமி காகிதக் கப்பில் காப்பி கொண்டுவந்தார். எவர்சில்வர் டம்ளர் ரீங்காரம் செய்கிறது என்று மன்றம் அதைத் தடைசெய்திருந்தது.

“நீயும் உக்காரு” என்றார் பாண்டிதுரை.

“அடுப்புல வேலை கெடக்கு. நிண்ணுட்டுப் போறேன்” என்று கனகலட்சுமி கதவில் சாய்ந்துகொண்டார்.

திரையில் படம் வந்தது. நிறமெல்லாம் வெளுத்திருந்தது. பளபளச் சட்டையில் ஒரு ஒல்லி இளைஞன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தான்.

“ஏலே, அப்பளக் கூடையை ஓரமா வையி” என்றது ஸ்பீக்கர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளைஞன் கையை வானத்துக்கு உயர்த்தினான். தூக்குவாளி ஒன்று தரையில் உரசிக்கொண்டு கிட்டே வந்து தூரப் போனது. பாட்டு எங்கோ மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், அடுத்த தெருவில் நடப்பதுபோல், மெலிதாகக் கேட்டது.

“என்ன தவசி இது?” என்றார் பாண்டிதுரை.

தவசிமுத்து பின்னங்கழுத்தைத் தடவினார். “மைக் செட்டுக்காரன் எம் மைக்கை மேடைகிட்டவே விடல அண்ணாச்சி. ரெண்டு மைக்கு பக்கத்துல இருந்தா கூவும்னுட்டான். நானும் நீள வயரா இழுத்து, பந்திக் கதவுக்கு உள்பக்கம் தூண்ல ஒரு ஆணி இருந்துச்சு, அதுல மாட்டிட்டேன்.”

“உம்ம மைக்கு வெறும் ரெக்கார்டிங்குதானய்யா. அது எப்படிக் கூவும்?” என்றார் வெங்கடேஸ்வரி.

“அது இப்பத் தெரியுது டீச்சர். அன்னைக்கு நீங்க பக்கத்துல இல்ல.”

சாம்சன் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். தொழில் பக்தி அவரை விடவில்லை. “ஆனா ஒண்ணு அண்ணாச்சி, என்ன ஒரு தெளிவு. அந்த எலை விரிக்கிற சத்தத்தைக் கேட்டீங்களா. தண்ணி தெளிக்கிறது தனியா விழுது.”

“சாலு சாம்சன், சாலு” என்று வெங்கடேஸ்வரி தெலுங்கில் அடக்கினார். பாண்டிதுரையின் முகத்தை அவர் பார்த்துவிட்டிருந்தார்.

பாண்டிதுரை ரிமோட்டை எடுத்தார். கடைசிச் சாட்சியும் போயிற்று. “நிப்பாட்டிரலாம். ஆறு நிமிசம் ஆகப்போகுது” என்றார்.

“அண்ணாச்சி, சோறு வெந்து ஒரு மணி நேரமாச்சு. கதவைத் தொறந்துரவா?” என்றது ஸ்பீக்கர். சமையல்காரர் குரலாக இருக்க வேண்டும்.

“தொறக்காத. இன்னும் வேகலன்னு சொல்லு.”

கதவில் சாய்ந்திருந்த கனகலட்சுமி நிமிர்ந்தார்.

“இங்கருங்க” என்றார். “மாமா.”

பாண்டிதுரையின் விரல் பொத்தானின் மேல் நின்றது. சங்கிலிப்பாண்டியின் போட்டோ அந்த வீட்டில் ஏழு இருந்தது. குரல் ஒன்றுகூட இல்லை.

“வெளிய கதவைத் தட்டுதாவ அண்ணாச்சி. பொண்ணு வீட்டு ஆளுக பசியில நிக்காவ.”

“நிக்கட்டும். மூணு பாட்டு பாடுதான். மூணும் முடியட்டும், பொறவு தொறப்போம். இப்பத் தொறந்தியன்னா அம்புட்டுப் பேரும் இங்க ஓடி வந்துருவானுவ. அங்க நாற்காலிதான் பாட்டு கேக்கும்.”

சாம்சனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயை மூடிக்கொண்டார். தவசிமுத்து கூரைப் பஞ்சை ஆராய்ந்தார். எழுநூறு பேரும் ஏன் எழுந்து போகவில்லை என்பது அந்த அறையில் இப்போது எல்லோருக்கும் விளங்கியிருந்தது. போக இடமில்லை. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

பாண்டிதுரை யாரையும் பார்க்கவில்லை. ஒலியைக் கூட்டினார். ஆறு நிமிடம் எப்போதோ தாண்டியிருந்தது. மன்றத்தின் வரலாற்றிலேயே முதல் தடவை.

இரண்டாவது பாட்டு முடிந்தது. இடையில் யாரோ பெரியவர் கதவுக்கு வெளியிலிருந்து சத்தம் போட, சங்கிலிப்பாண்டி உள்ளிருந்தபடியே, “செத்த நேரம் பொறுங்க மாமா, சாம்பாருக்கு உப்புப் பார்க்கோம்” என்று நெஞ்சறிந்து பொய் சொன்னார். மூன்றாவது பாட்டு தொடங்கியது. கரண்டிச் சத்தங்கள் ஓய்ந்தன. பரிமாறுகிறவர்கள் எல்லாம் காத்திருந்து அலுத்து உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

“இப்ப ரெண்டாவது சரணம் வரும் பாரு” என்றார் சங்கிலிப்பாண்டி, தாழ்ந்த குரலில். “அந்த எடத்துல தடுக்குவான். வீட்டுல குளிக்கையிலயும் அங்கதான் தடுக்குது.”

கதவுக்கு அப்பால், வெகு தூரத்தில், ஒரு குரல் ஏறியது. ஒரு இடத்தில் காலிடறி, சமாளித்து, மேலே போனது.

“சொன்னேம்லா.”

“நல்லாத்தான அண்ணாச்சி பாடுதாவ தம்பி.”

 தூணருகில் யாரோ தீப்பெட்டியை உரசினார்கள். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. சாம்சன் அதை எந்த ஸ்பீக்கர் என்று சொல்லவில்லை.

“நல்லாத்தாம்லே பாடுதான். எனக்குத் தெரியாதா? அதை அவங்கிட்ட ஒருத்தனும் சொல்லிராதிய. சொன்னா பொறவு தறிப் பக்கம் வர மாட்டான். எனக்கு இருக்கது அவன் ஒருத்தன்.”

கைதட்டல் கேட்டது, மெலிதாக. உடனே தாழ்ப்பாள் விலகும் சத்தம், பிறகு எழுநூறு பேர் காலடி. அறையே அதிர்ந்தது. திரையில் பளபளச் சட்டைக்காரன் கண்ணைத் திறந்து, குனிந்து வணங்கி, நிமிர்ந்தபோது எதிரே முதுகுகள் போய்க்கொண்டிருந்தன. தவசிமுத்து அதையும் அன்று விடாமல் எடுத்திருந்தார்.

படம் மணமகளின் கைக்கடிகாரத்துக்குத் தாவியதும் பாண்டிதுரை நிறுத்தினார்.

 பஞ்சுச் சுவர் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடுகிற அறையில் பேசாமல் இருப்பது பெரிய சங்கடம். மூச்சுவிடுவதே கேட்கும்.

“ரெண்டாஞ் சரணத்துல தடுமாறுனேனா?” என்றார் பாண்டிதுரை மனைவியைப் பார்த்து.

“நான் அன்னைக்குக் கதவுக்கு வெளியதான நிண்ணேன்” என்றார் கனகலட்சுமி. அந்தக் கல்யாணத்தில் அவர் பெண் வீட்டு ஆள். “பசியில யாருக்குத் தெரிஞ்சது.”

“அவருக்குத் தெரிஞ்சிருக்கு.”

“மாமா சோத்துப் பக்கம்லா நிண்ணாவ, அவுகளுக்கு என்ன பசி.”

பாண்டிதுரை சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தை நன்றாகத் துடைத்தார். வெங்கடேஸ்வரி ஆறிப்போன காப்பியைச் சூடான காப்பியைக் குடிப்பதுபோல ஊதிக் குடித்தார்.

சாம்சனுக்குத்தான் எதையாவது செய்தாக வேண்டியிருந்தது. செயலாளர் பதவி அப்படி. “அண்ணாச்சி, வருத்தப்படாதீங்க. இதுக்கு இப்ப சாஃப்ட்வேர் இருக்கு. சட்டி சத்தம், பந்திப் பேச்சு எல்லாத்தையும் உருவிட்டு, உங்க பாட்டை மட்டும் தனியா எடுத்துத் தந்துருவேன். மூணு பாட்டும் முத்து முத்தா வந்துரும். அடுத்த மாசமே சிபாரிசுல போட்டுரலாம்.”

பாண்டிதுரை பென் டிரைவைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“அதே சாஃப்ட்வேர்ல பாட்டை உருவ முடியுமா?”

“பாட்டையா? எதுக்கு அண்ணாச்சி?”

“அவரு பேசுத எடத்துல எல்லாம் நான் குறுக்க பாடிக்கிட்டே இருக்கேன்” என்றார் பாண்டிதுரை.