கொத்துக்கறி தண்ணீர் விட்ட வாரம்

என் வீட்டுக்காரர் கறிக்கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா நின்ற அதே கடை, அதே வெட்டுக்கட்டை. நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. வந்த புதிதில் சமையலறையைப் புரட்டிப் பார்த்தேன். கறி இருந்தது, சூப்புக்கு எலும்பு இருந்தது, மூலையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு இருந்தது. காய் என்று சொல்ல வெங்காயம் மட்டும்தான். அதுவும் கறிக்குத் துணையாக வந்ததே தவிர, சொந்தக்காலில் நிற்கவில்லை.

"ஆடு பச்சையைத் தின்னுது, ஆட்டை நான் தின்னுறேன். அப்போ பச்சை எனக்குள்ள போச்சா இல்லையா?" என்பார். இந்தக் கேள்வியை எப்போதும் சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்பார். என் வாயிலும் கறி இருக்கும் என்பதால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும்.

கூடவே என் கொழுந்தன். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் வேண்டாம் என்று இருப்பவன், கடையில் அண்ணனோடு நிற்கிறான், எங்கள் மாடி அறையில் இருக்கிறான். உருளைக்கிழங்கு இல்லாமல் ஒரு வேளை இறங்காது என்பதால் அவனை எல்லோரும் உருளை என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்தது மகள், கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்பா தட்டில் எதை ஒதுக்குகிறாரோ அதை அவளும் ஒதுக்குவாள். ஆக, மூன்று ஓட்டு அந்தப் பக்கம், ஒரே ஓட்டு என் பக்கம்.

நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பயத்தில் நடுங்குகிறவர்கள், பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் என்று இரண்டு ரகத்தையும் நடுரோட்டில் இறக்கி, முழுசாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் மூன்று பேரைக் காய் தின்ன வைப்பது பெரிய வித்தை என்று எனக்குத் தோன்றியதில்லை. அதற்கு அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அவசியம் அவருடைய வலது முழங்காலில் வந்தது. முப்பது வருடம் ஈரத்தரையில் நின்ற கால். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்து போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். ஆனால் அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதரையில் இருந்தது. எட்டுக்குக் கீழே வராமல் கத்தியைத் தொடமாட்டேன், புண் ஆறாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"மூணு மாசம் டைம் தர்றேன். மாத்திரை இருக்கு, நடக்கவும் முடியாது உங்களால. சாப்பாட்டைத்தான் மாத்தணும். தட்டுல பாதி காய் இருக்கணும். உருளைக்கிழங்கு காய் இல்ல."

"மாத்தலைன்னா?" என்று கேட்டேன்.

"வருஷக் கடைசிக்குள்ள இவரால நிக்க முடியாம போயிடும்."

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது அவர், "உட்கார்ந்துகிட்டுக் கறி வெட்டுறவனை எங்கேயாவது பாத்திருக்கியா?" என்று கேட்டார். நான் பார்த்ததில்லை. உருளை நன்றாகத்தான் வெட்டுவான். ஆனால் தொடையில் எலும்பெடுக்கச் சொன்னால் பாதிச் சதையை எலும்போடு விட்டுவிடுவான். அண்ணன் நிற்காவிட்டால் கடையும் நிற்காது. வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் வேகவைத்து, உப்புப் போட்டு, தட்டில் பாதிக்கு வைத்தேன். அவர் மருந்து மாதிரி இரண்டு கரண்டி விழுங்கிவிட்டுக் கையை உதறினார். மகள் பீன்ஸை ஒவ்வொன்றாகத் தட்டின் விளிம்பில் வரிசைகட்டி வைத்தாள். உருளை தன் பங்கைக் கடித்த எலும்புக்கு அடியில் மறைத்தான். நாற்பத்தொரு வயது ஆள்.

"அண்ணி, எனக்குச் சர்க்கரை இல்லையே," என்றான்.

"வரும்," என்றேன்.

இரண்டு வாரம் கத்திப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். எனக்குக் கெஞ்ச வராது, அதுவும் கத்துவது மாதிரியே வந்து விழும். மூன்றாவது வாரம் என் புத்தி வேலை செய்தது. அந்த வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லாத ஒரே பொருள், எங்கள் கடையில் அரைத்து வரும் கறியில் செய்யும் கொத்துக்கறி உருண்டை. சுரைக்காயைத் துருவி, கோஸைப் பொடியாகக் கொத்தி, கறியோடு சேர்த்துப் பிசைந்து உருட்டிப் பொரித்தேன். முதல் நாள் கால் பங்கு காய். யாரும் மூச்சுவிடவில்லை. அடுத்த வாரம் பாதிக்குப் பாதி ஆக்கினேன். மசித்த உருளைக்கிழங்கிலும் பாதிக்குக் காலிஃபிளவரை மசித்துவிட்டேன். உருளை ஒரே வேளையில் எட்டு உருண்டை தின்றுவிட்டு, "இப்பதான் அண்ணி பழைய மாதிரி சமைக்கிறாங்க," என்று சர்டிபிகேட் கொடுத்தான். நான் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என்னைவிடக் கெட்டிக்காரி இந்தத் தெருவில் இல்லை என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் மட்டும் அந்த மூன்று வாரத்தின் கடைசி நாட்களில் உருண்டையைப் பிட்டு, விரலால் அழுத்தி, கசிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்பதை நானும் நம்பினேன், எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒரு நாள் மதியம் என் மாணவியோடு கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தேன். அவள் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, கியர் மாற்றும்போதெல்லாம் கடவுளைக் கூப்பிடுவாள். எங்கள் கடை வாசலில் ஒரு அட்டை தொங்கியது. கொத்துக்கறி இல்லை என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்தக் கடையில் அப்படி ஒரு அட்டை தொங்கி நான் பார்த்ததே இல்லை. உள்ளே ஆட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இருபது வருடமாக எங்களுக்கு ஆடு கொண்டுவந்து தருகிறவர்.

"ஓரமா நிறுத்துங்க," என்றேன். அந்த அம்மா நாலு தடவை முன்னே போய்ப் பின்னே வந்து நிறுத்துவதற்குள், உருண்டையில் கசிந்த தண்ணீர் நினைவுக்கு வந்து எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் கறி அரைக்கும் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மேஜையில் பரப்பியிருந்தார். பிளேடை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உருளை பக்கத்தில் துணியோடு நின்றான்.

"தண்ணி குடுத்து எடை ஏத்துறேன்னு என்னைப் பாத்துச் சொல்லிட்டீங்களே," என்றார் ஆட்டுக்காரர்.

"நான் சொல்லலங்க. கறி சொல்லுது. மெஷினைக் கழட்டிப் பாத்தாச்சு, பிளேடை மாத்திப் பாத்தாச்சு. நாலு நாளா அந்தக் கொத்துக்கறியை நான் விக்கல. இனிமே உங்க ஆடு வேணாம்."

ஆட்டைச் சந்தேகப்பட்டார், மெஷினைச் சந்தேகப்பட்டார், பிளேடைச் சந்தேகப்பட்டார். கறிக்கடைக்காரர் வேறு எதைச் சந்தேகப்படுவார்? வீட்டு அடுப்பு அவர் கணக்கிலேயே இல்லை.

"சுரைக்காய்," என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எது சுரைக்காய்?" என்றான் உருளை.

"நேத்துகூட எட்டு தின்னியே, அது. சுரைக்காயும் கோசும். மூணு வாரமா கலக்குறேன். ஆட்டு மேல தப்பில்ல, மெஷின் மேலயும் தப்பில்ல. எல்லாம் என் வேலை."

உருளை தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் பிளேடைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஆட்டுக்காரரிடம் போனார். "என் நாக்குல இருந்தது என் வீட்டுத் தப்பு. மன்னிச்சிடுங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டுக்காரர் நல்ல மனுஷர், சரி சரி என்றார். ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரை நான்தான் காரில் கூட்டிவந்தேன். முதல் சிக்னல் தாண்டியதும் சொன்னார்.

"நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"காலு போயிட்டிருக்கு, சரி. சாப்பாட்டுல ஏதோ தப்புன்னு தெரியுது, என்னன்னு பிடிபடல. கறியைத் தொட்டாலே சொல்லிடுவேன் நான். நாலு நாளா எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. இனிமே நான் கடைக்கு எதுக்குன்னு கூட யோசிச்சேன். உனக்கு அது தெரியுமா?"

தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனைக்கும் இது என் தொழிலில் அரிச்சுவடி. பயிற்சிக் காரில் என் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை நான் சொல்லாமல் மிதித்தால், ஓட்டுகிறவர் கார் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். சொல்லிவிட்டு மிதிக்க வேண்டும். வேலைக்குச் சேரும் புதுப் பயிற்சியாளர்களுக்கு இதை நான்தான் படித்துப் படித்துச் சொல்வேன்.

"தப்பு என்னோடதுதான். உங்களை ஏமாத்தியிருக்கக் கூடாது," என்றேன். "ஆனா நீங்க நிக்கணும். அதுக்காகத்தான் செஞ்சேன். நீங்களும் காய் சாப்பிட மாட்டேங்கிறீங்க."

"சாப்பிட மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"

"தினமும்."

"நீ வெக்கிற மாதிரி சாப்பிட மாட்டேன்னு சொன்னேன். பீன்ஸை அவிச்சுக் குளிப்பாட்டி வெக்கிறே. உனக்கு வெட்டவும் தெரியல, சூடு காட்டவும் தெரியல. இருபத்தோரு வருஷமா வீட்டுல ஒரு வெட்டுக்காரன் இருக்கான், அவனைக் கேட்டியா?"

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. "கேக்கல. இப்பக் கேக்குறேன்," என்றேன்.

மறுநாள் காலை காய் மார்க்கெட்டுக்குப் போனோம். அவர் இரண்டு கையிலும் ஒவ்வொரு கோஸாகத் தூக்கி எடை பார்த்தார், தட்டிப் பார்த்தார், தண்டை முகர்ந்து பார்த்து ஏழு கோஸைத் தள்ளினார். காலிஃபிளவரைத் தலைகீழாகத் திருப்பி வெட்டுவாயைச் சோதித்தார்.

"ஆடா சார் வாங்குறீங்க?" என்றாள் காய்க்காரி.

"ஆட்டையே இப்படித்தாம்மா வாங்குவேன். இது நேத்து வெட்டினது இல்ல, மூணு நாள் ஆச்சு. உள்ள இருக்கிறதைக் காட்டு." அவள் உள்ளே இருந்ததைக் காட்டினாள்.

வீட்டில் அவர் முக்காலியில் உட்கார்ந்துதான் வெட்டினார். காயை உட்கார்ந்து வெட்டலாம், அதில் தப்பில்லை என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். காலிஃபிளவரைத் தண்டோடு சேர்த்து இரண்டு விரல் கனத்துக்குத் துண்டு போட்டார். கோஸை நாலாகப் பிளந்தார், ஒரு இலை கழன்று விழவில்லை. இரும்புச் சட்டி புகைய வேண்டும் என்றார். நெய்யை விட்டுத் துண்டுகளைப் போட்டபின் என்னைக் கிளற விடவில்லை. அடி சிவந்தபின் திருப்பி, உப்பும் மிளகும் மட்டும் தூவினார். பீன்ஸ் கடித்தால் சத்தம் வர வேண்டும் என்றார். பக்கத்தில் உள்ளங்கை அளவு கறி.

உருளை பழக்கத்தில் எலும்பைத் தூக்கிக் காயை அதனடியில் மறைக்கப் பார்த்தான்.

"நான் வெட்டினதுடா அது," என்றார் அண்ணன்.

உருளை எலும்பைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டான். மகள் கோஸின் கருகிய விளிம்பைக் கேட்டு வாங்கித் தின்றாள். அன்று முதல் எங்கள் வீட்டில் காய் விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. கடையில் கறிக்கு என்ன மரியாதையோ அது காய்க்கும் கிடைத்தது. ஒரு நாள் உருளை, "எனக்குக் கிழங்கு வேணாம், கோஸ் இருந்தா வைங்க அண்ணி," என்றபோது மேஜையில் யாரும் பேசவில்லை. பேசினால் மனசு மாறிவிடுவானோ என்று பயம்.

மூன்று மாதம் முடிந்தது. எட்டு புள்ளி ஒன்று.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நான் சண்டைக்குத் தயாராகி நாற்காலியின் நுனிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மூணு வாரம் தெரியாம தின்னேன் டாக்டர். தெரிஞ்சு தின்ன நாளுக்கு மட்டும் கணக்குப் பாருங்க, இன்னொரு மாசம் குடுங்க. நான் வர்றேன்," என்றார்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒரு மாதம் கொடுத்தார். அடுத்த முறை ஏழரை வந்தது. தேதி குறித்தார்கள், முழங்கால் மூட்டை மாற்றினார்கள், தையல் பழுதில்லாமல் ஆறியது. வீட்டுக் கூடத்தில் பத்தடி நடந்தார், அப்புறம் வாசல்வரை, அப்புறம் தெருமுனைவரை.

ஒன்பதாவது வாரம் கடைக்குப் போனார். எனக்கு அன்று பாடம் இருந்தது. வங்கி அம்மாவை ஓரமாக நிறுத்தச் சொன்னேன், ஒரே தடவையில் நிறுத்தினாள். வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். உருளை ஒரு தொடையைக் கொண்டுவந்து கட்டையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு ஸ்டூலையும் நகர்த்தி வைத்தான். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கத்தியைத் தீட்டினார். இரண்டு காலிலும் பாரத்தைப் போட்டு நேராக நின்றார். கத்தியைத் தொடையின் மூட்டில் நுழைத்து, எலும்பை ஒட்டி, அவசரமே இல்லாமல் வளைத்து இறக்கினார். எலும்பு வெள்ளையாக வெளியே வந்தது, ஒரு நார் சதை ஒட்டியிருக்கவில்லை. அதை உருளையிடம் காட்டினார். பிறகு வாசலைப் பார்த்தார், நான் நிற்பதைக் கண்டுவிட்டார்.

கறிக்கடையில் யாரும் வெங்காயம் உரிப்பதில்லை. அதனால் நான் அழுததற்கு வேறு எந்தக் காரணமும் சொல்ல முடியவில்லை.

"அடுத்தது எடுடா," என்றார் தம்பியிடம், உட்காராமல்.