படியிறங்கி வந்த காலி நாற்காலி

அந்த வருடம் கடைவீதியில் மனச்சாட்சியின் விலை ஒரு நல்ல சைக்கிளின் விலை; பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குப் பழைய சைக்கிளுக்கே படிந்தது. அதே வருடம்தான் பிரசவ ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவின் காலி நாற்காலிகளில் ஒன்று மாடிப்படி இறங்கி, வீதியைக் கடந்து, பூட்டுக்கடை வாசலில் வந்து நின்றது. குழுவில் ஐந்து இடம். இரண்டு பேர் இறந்து வருடக்கணக்காகியும் தலைவர் அந்த இடங்களை நிரப்பவில்லை. காலி நாற்காலியின் ஓட்டு தலைவருக்கே என்று ஒரு விதியை மட்டும் நிறைவேற்றிக்கொண்டார். டாக்டரம்மாவும் தலைமையாசிரியரும் எதை எதிர்த்தாலும் மூன்றுக்கு இரண்டில் தோற்றார்கள். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டடத்தையே தன் மச்சானுக்கு விற்கத் தலைவர் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். ஆமாம் போட்டுப் போட்டு நாற்காலிக்கு அலுத்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள்.

பூட்டுக்காரம்மா அதை நம்பவில்லை. ஊரார் ஒருவரையொருவர் சந்தேகப்படுவதில்தான் அவள் அடுப்பு எரிந்தது. சும்மா வருகிற சரக்கை அவள் தொடுவாளா? நாற்காலியைக் கவிழ்த்துச் சக்கரம் தேடினாள், கயிறு தேடினாள், கால்களைத் தட்டிப் பார்த்தாள். தேக்கு, அதில் ஏமாற்று இல்லை. கடையோ தலைவருடைய கட்டடத்தில் இருந்தது. வாடகைக்காரர்களை ஆழம் பார்க்க அவரே அனுப்பியிருப்பார் என்று முடிவு கட்டினாள். எதிர்க்கடைக்காரர்கள், அவள்தான் நாற்காலிக்குக் கையூட்டு கொடுத்து வரவழைத்தாள் என்று பேசிக்கொண்டார்கள். நாற்காலி மழையில் நனைந்தபடி அங்கேயே நின்றது.

நிறைமாத மகளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஆஸ்பத்திரிய வித்துட்டா நான் எங்க போறது? உன் கல்லாப்பெட்டி மேலயா பெத்துக்கறது? அதுல உக்காந்து விக்கக்கூடாதுன்னு ஓட்டுப் போடேன்."

"உக்காந்தா கடை போயிடும்டி. அப்புறம் பொறக்கிறதுக்கு எதை ஊட்டுவே, பூட்டையா?"

ஓட்டெடுப்பு நாளன்று காலையில் தலைவரே வந்தார். நாற்காலி கண்ணில் படாதவர் மாதிரி இரண்டு பூட்டுகளை எடுத்துப் பார்த்தார்.

"இதுல உக்காராதம்மா. இந்த மாசத்துலருந்து வாடகை பாதி போதும்."

"பாதியாண்ணே?"

"சரி, கால்வாசி குடு. நமக்குள்ள என்ன இருக்கு?"

கடை வைத்த நாளிலிருந்து ஒரு காசு குறைக்காத மனுஷன், கேட்காமலே இரண்டு படி இறங்கினார். வாங்க வந்தவன் இப்படிப் பதறினால் சரக்கு அசல் என்பது பூட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். கடைத்துணியால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள். நாற்காலி அவளைச் சுமந்துகொண்டு மாடியேறியது. உட்கார்ந்திருப்பவரே உறுப்பினர் என்று விதிகளில் இருந்ததை டாக்டரம்மா உரக்கப் படித்தாள். அன்றும் மூன்றுக்கு இரண்டுதான். ஆனால் தோற்றது தலைவர்.

மறுமாதம் கடையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவள் அந்த நாற்காலியைப் போட்டு ஆஸ்பத்திரி வாசலில் பூட்டு விற்றாள். உள்ளே மகளுக்குப் பெண் பிறந்தது. சில நாளில் மிச்சமிருந்த காலி நாற்காலியும் படிப்பக்கம் நகர ஆரம்பித்தது. அதை மேஜையோடு சங்கிலியால் பிணைக்கத் தலைவருக்குப் பூட்டு வேண்டியிருந்தது. ஊரில் வேறு பூட்டுக்கடை இல்லை. ஆகக் கணக்கு இப்படி நின்றது: அவளுக்குக் கடை நஷ்டம், ஆஸ்பத்திரி மிச்சம், பேத்தி வரவு. தலைவருக்குப் பூட்டு ஒன்று, முழு விலையில். பூட்டோடு சேர வேண்டிய சாவி இரண்டு. கொடுத்தது ஒன்று, பாக்கி ஒன்று.